ஒவ்வொரு தாளின் தலையிலும்

எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த தாள்களை யாரும் தூக்கிப் போட முடியாது. அது ஏதோ சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், என் வீட்டுக்காரரின் பழக்கம். சட்டமாக இருந்திருந்தால் எப்படியாவது ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்திருப்பேன்.

அவர் வீட்டு பிளான் போடுகிறவர். வில்லியனூரில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. கிழக்கே தெருவைப் பார்த்த முன்னறைதான் அவருடைய ஆபீஸ். அதற்குத் தனி வாசல். மூலக்குளத்தில் புது மனை வாங்கியவர்கள், அபிஷேகப்பாக்கத்தில் இரண்டு போகம் நன்றாக விளைந்த தைரியத்தில் மாடி எடுக்க ஆசைப்பட்டவர்கள், கிருமாம்பாக்கத்தில் பாகம் பிரித்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்ப நினைத்த அண்ணன் தம்பிகள், எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். அவர் கையால் வரைந்து கொடுப்பார். பிறகு அது டவுனுக்குப் போய், கம்ப்யூட்டரில் ஏறி, இன்ஜினியர் கையெழுத்து வாங்கி, கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போகும். கையால் வரைந்த தாள் மட்டும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

அவர் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் அதன் உச்சியில், நடுவில், பொடி எழுத்தில் அரபியில் பிஸ்மி எழுதுவார். அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன் என்பது அதன் பொருள். அதை எழுதிய பிறகுதான் முதல் கோடு. பிளானுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. மளிகைக் கடைக்கு அவர் எழுதித் தரும் சீட்டு, செங்கல் கணக்குப் போடும் துண்டுக் காகிதம், வந்தவர்கள் மனையின் அளவைச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளும் பழைய நோட்டீஸின் பின்பக்கம், எதுவாக இருந்தாலும் தலையில் பிஸ்மி இருக்கும்.

எங்கள் ஜனங்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கடை பில்லிலும் கல்யாணப் பத்திரிகையிலும் 786 என்று போடுவார்கள். பிஸ்மிக்குப் பதில் அந்த எண். தாள் நாளைக்குக் குப்பைக்குப் போனாலும் அல்லாஹ்வின் பெயர் போகாது. இவருக்கு மட்டும் அது ஒப்பவில்லை.

"நம்பர் எழுதுனா நம்பர்தான். அது எப்பிடி பேராவும்?" என்பார்.

"ஊர்ல இருக்கிற மத்தவங்களுக்கெல்லாம் ஈமான் இல்லியா, நம்பிக்க இல்லியா?" என்று நான் கேட்பேன்.

"அவுங்களுக்கு இருக்குது. எனக்கு வூட்ல எடமும் இருக்குது."

இடம் இருந்தது உண்மைதான். முதல் பத்து வருஷம்.

அவரிடம் வரும் விவசாயிகளுக்கு அந்த எழுத்து என்ன என்று தெரியாது. ஆனால் அது எதற்கு என்று சொல்லாமலே விளங்கிவிடும். அவர்கள் பிள்ளையார் சுழி போடும் இடம்தானே அது. ஒரு பெரியவர் ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டே, "பாய், நம்ம சுழியும் ஒண்ணு போட்டுட்டா மனசுக்கு நல்லாருக்கும்" என்றார். அன்றிலிருந்து இவர் பிஸ்மியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி எழுதி, பக்கத்தில் விரற்கடை இடம் விட்டுவைக்க ஆரம்பித்தார். பேனாவை நீட்டி, "உங்களுத நீங்க போட்டுக்குங்க" என்பார். அவர்களும் குனிந்து ஒரு சுழி போட்டுவிட்டு நிமிர்வார்கள். பல தாள்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இப்படித் தலையில் பெயரைச் சுமந்த எதையும் எடைக்குப் போட முடியாது, அடுப்பு மூட்ட முடியாது, ஒழுகும் பாட்டிலுக்கு அடியில் மடித்து வைக்கக்கூட முடியாது. எல்லாம் அறையிலேயே தங்கிவிட்டன. அலமாரி நிறைந்து, பரண் நிறைந்து, கட்டிலுக்கு அடியில் வைப்பது போல அவர் மேசைக்கு அடியில் சுருள் சுருளாக நின்றன. அவற்றோடு டைல்ஸ் கம்பெனிக்காரன் கொடுத்த மாதிரித் துண்டுகள், காய்ந்துபோன பேனாக்கள், சிமெண்டு விளம்பர காலண்டர்கள், ஒரு கால் இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி, இறக்கை வளைந்த ஃபேன். நான் பெருக்கப் போனால் துடைப்பத்தைத்தான் சுவரில் சாய்த்து நிற்க வைக்கலாம், பெருக்க இடம் இருக்காது. அவருக்கு மட்டும் எந்தத் தாள் எங்கே என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். அதுதான் எனக்கு எரிச்சலாக வரும்.

போன ஆடியில் அபிஷேகப்பாக்கத்தில் ஒரு மனையை அளந்துகொண்டிருந்தபோது டேப்பின் ஒரு முனையைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். மூளையில் அடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கையும் வலது காலும் அவருடையவையாக இல்லை. வார்த்தைகளும் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒன்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடுவார், அது கிடைக்காமல் என் முகத்தைப் பார்ப்பார்.  அழுகையைக் காட்டாமலிருக்க, "இன்னா, மோர் வேணுமா, தண்ணி வேணுமா, சொன்னாத்தான தெரியும்" என்று சிடுசிடுப்பேன். சிடுசிடுப்பதுதான் எனக்கு எப்போதும் கை கொடுக்கிறது.

எங்கள் படுக்கையறை வீட்டின் உட்பக்கம், இரண்டு படி இறங்க வேண்டும். கக்கூஸ் தோட்டத்தைத் தாண்டி. முன்னறையில் மட்டும்தான் ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூம் இருந்தது. வருகிறவர்கள் வயசானவர்கள் என்று சொல்லி அவரே கட்டியது. வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு இல்லாத வசதி ஊரார்க்கா என்று அப்போது சண்டை போட்டிருந்தேன். இப்போது அவரை அந்த அறைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாடகைக்குச் சொல்லியாயிற்று. அது வருவதற்குள் அறை காலியாக வேண்டும்.

இதில்தான் என் உயிர் போனது. சாமான்களை எடுத்துப் போடுவது ஒரு பெரிய வேலையா? ஆனால் அந்த அறையைக் காலி செய்வது அவர் முகத்துக்கு நேராக, இனிமேல் நீங்கள் வரையப் போவதில்லை என்று சொல்வது. அவர் மறுபடி வரைவார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லா நம்பிக்கையையும் அதன் மேலேயே வைத்திருந்தேன். நடக்காவிட்டால் போகட்டும், பேச்சு வராவிட்டால் போகட்டும், ஒரு கோடு போட்டுவிட்டால் அவர் அவராகிவிடுவார் என்று தோன்றியது. அதனால் 'காலி செய்வது' என்ற வார்த்தையையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவைத்தேன். 'அடுக்கி வைக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். அவர் வரையும் சாய்வு மேசை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தொடுவதில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நல்ல பெண், எதற்கும் சிரிப்பாள். அவள்தான் முதலில் நம்பிக்கை கொடுத்தவள்.

"அங்கிள், லெஃப்ட் ஹேண்ட்ல ட்ரை பண்ணலாமா? சும்மா ஒரு கோடு. கொஞ்ச நாள்ல பழகிடும்" என்று ஒரு தாளை மடியில் வைத்துப் பேனாவை இடது கையில் சொருகினாள்.

அவர் பேனாவைப் பிடித்தார். நன்றாகவே பிடித்தார். தாளின் உச்சியைப் பார்த்தார். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முடியும் அங்கிள், க்ரிப் சூப்பரா இருக்கு!"

அவர் இடது கையைத் தூக்கி எனக்குக் காட்டித் தலையை ஆட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அது கழுவுகிற கை. அந்தக் கையால் சாப்பிட மாட்டோம், குர்ஆனை எடுக்க மாட்டோம். அதனால் பிஸ்மி எழுத மாட்டார். பிஸ்மி இல்லாமல் கோடு போட மாட்டார். முடிந்தது கதை.

அந்தப் பெண் போன பிறகு நான் வெடித்துவிட்டேன். "அந்தக் கைய குடுத்தவன்தான இந்தக் கையையும் குடுத்தான்? அத எடுத்துக்கிட்டான். இதையாவது வெச்சிக்கினு எழுதுங்களேன். அவன் இன்னா கோச்சிக்கவா போறான்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சண்டையில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அவர் அப்படித்தான் செய்வார். ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்தாலும் அப்படித்தான் செய்வார்.

அடுத்த வாரம் மகள் கடலூரிலிருந்து வந்து இறங்கினாள். வீட்டை ஒழுங்கு செய்வது எப்படி என்று செல்போனில் எதையெதையோ பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் மூன்று சாக்கை விரித்தாள். ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று கொடுத்துவிட, ஒன்று தூக்கிப் போட.

"ம்மா, ஒரு வருஷமா தொடாதது எதுவுமே நமக்கு வேண்டாததாம்."

"ஒரு வருஷமா உன் மாமியாகூடத்தான் உங்கிட்ட பேசல. தூக்கிப் போட்டுட்டியா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முதல் சுருளை எடுத்துப் பிரித்தாள். மூன்றாவது சாக்கை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சக்கர நாற்காலியில் உள்வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சுருளைப் பிரித்தாள். அடுத்ததை. மதியம் வரை அந்த மூன்றாவது சாக்கில் விழுந்தது காலண்டர்களும் உடைந்த நாற்காலியும்தான். தாள்கள் எல்லாம் முதல் சாக்கு நிரம்பி வழிந்து கூடத்துக்கு வந்துவிட்டன. அறையில் இருந்த அடைசல் வீடு முழுக்கப் பரவியதுதான் மிச்சம்.

"இத இன்னாம்மா பண்றது?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்போனில் அவள் பார்த்தவர்கள் யாரும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அத்தனையிலுமா என்று ஒருமுறை கேட்டார். அத்தனையிலும் என்றேன்.

"தாராளமா கத்திரிச்சுக்குங்கம்மா. பேர் இருக்கிற எடத்த மட்டும் கண்ணியமா எடுத்து வெச்சிடுங்க. மிச்சத்த எடைக்குப் போடலாம், தப்பில்ல. வெட்டி எடுத்தத இங்க குடுத்து உடுங்க. கிழிஞ்ச குர்ஆன் தாளோட சேத்து, கபர்ஸ்தான் ஓரமா கால் படாத எடத்துல அடக்கிடுவோம்."

அப்படித்தான் நாங்கள் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தோம். மகளுக்கு ஒரு கத்தரிக்கோல், எனக்கு ஒன்று. நடுவில் ஒரு சுத்தமான வெள்ளைத் துணி. ஒவ்வொரு தாளாக எடுத்து, தலையில் இருக்கும் அந்த வரியை மட்டும் நறுக்கித் துணியில் வைப்போம். தலையில்லாத தாளைப் பின்னால் தள்ளுவோம். சுழியும் சேர்ந்து இருந்த தாள்களில் மகள் திணறினாள்.

"இதயும் சேத்து வெட்டிடவா?"

"சேத்தே வெட்டு. இத்தினி வருஷம் ஒண்ணாத்தான இருந்துச்சி."

முதல் நாள் வேலை என்று வெட்டினேன். இரண்டாம் நாள் எனக்குக் கை ஓடவில்லை. வெட்டும்போது கண் தாளுக்குள் போய்விடுகிறது. கட்டிலில் படுத்தபடியே மாட்டுக் கொட்டாய் தெரியும்படி ஜன்னல் வேண்டும் என்று கேட்ட கிருமாம்பாக்கத்துக்காரர் வீடு. அடுப்படி தனக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று பிடிவாதம் பிடித்த அம்மாவின் வீடு. கட்டிய வீடுகள், கட்டாத வீடுகள். நடுவே எங்கள் வீடும் வந்தது. அடுப்படியைப் பின்னால் இழுத்து, அடுப்புக்கு மேலே ஜன்னல் வைத்து ஒரு பிளான். அதற்கு அடியில் அதே அடுப்படி, ஜன்னல் கொஞ்சம் பெரிதாக. அதற்கு அடியில் இன்னொன்று. புகையில் கண் எரிகிறது என்று நான் கத்தும்போதெல்லாம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறார் மனுஷன். கட்டத்தான் இல்லை. ஊரார் வீட்டு ஜன்னலுக்கே அவர் நாள் சரியாகப் போய்விட்டது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அந்தத் தாள்களின் தலையையும் வெட்டிவிட்டு, மிச்சத்தை எடைக்குப் போகும் கட்டுக்குள்ளேயே எறிந்தேன். கோபத்தில்தான். பிறகு எடுத்து வைத்துக்கொள்ள நினைத்தபோது அது எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்று தெரியவில்லை.

அவர் உள்வாசலில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு வெட்டையும் பார்த்தார். தடுக்கவில்லை. ஒரே ஒருமுறை வாயைத் திறந்து, "நேரா" என்றார். நான் கோணலாக வெட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நாள் கழித்து முழுசாக வந்த வார்த்தை அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் ஒரு பக்கத்து உதடு இழுத்தது. அன்று சாயங்காலம் முழுக்க நான் ஸ்கேலை வைத்து நேராக வெட்டினேன்.

பழைய பேப்பர்காரர் வந்து தலையில்லாத தாள்களைத் தராசில் ஏற்றினார். "இன்னாம்மா எல்லாத்தியும் எலி கடிச்ச மாதிரி மேல காணம்?" என்றார். எலிதான் என்று சொல்லி வைத்தேன். கட்டுக்கட்டாக அவர் வண்டியில் ஏற்றும்போது நான் உள்ளே போய் ஏதோ பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் வரைந்தது தெருமுனை திரும்பிப் போவதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. அவர் பார்த்தார். மகள் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தாள்.

வெள்ளைத் துணியில் சேர்ந்ததை முடிச்சுப் போட்டபோது அது ஒரு கைப்பிள்ளை அளவுக்குத்தான் இருந்தது. ஓர் அறை அடைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதானா என்று இருந்தது. மகள் அதை நெஞ்சோடு அணைத்துப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போனாள். கொடுத்துவிட்டு வந்தவள், அவர்கள் அதை வாங்கும்போது எழுந்து நின்று வாங்கினார்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

அறை இப்போது எதிரொலித்தது. கழுவிவிட்டதில் தரையின் சிவப்பு தெரிந்தது. அந்தத் தரை சிவப்பு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சாய்வு மேசை மட்டும் ஜன்னல் பக்கம் நின்றது. மகள் டேப்பைப் பிடித்து அளந்தாள். கட்டிலின் நீளம் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள்.

"ரெண்டும் சேராதும்மா. கட்டில் போட்டா நாக்காலி திரும்ப எடம் வேணும். டேபிள எடுத்துடலாம்."

"டேபிள் இங்கதான் இருக்கும்."

"எதுக்கும்மா? யாரு ஒக்காரப் போறாங்க?"

"உங்க அத்தாதான். வேற யாரு?"

"ம்மா, நீ புரிஞ்சிக்கவே மாட்டியா?" என்று அவள் குரலை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். கட்டில் வேண்டாம், பாய் போட்டுக்கொள்ளட்டும் என்றேன். நடக்க முடியாத மனுஷனுக்குப் பாயா என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அப்போது அவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். மேசையைக் காட்டினார். தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். தாள் என்று சைகை காட்டினார். மகள் ஓடிப்போய் அவளுடைய பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கிளிப்பில் மாட்டினாள். அவர் பேனாவை எடுத்தார். எடுத்து என் பக்கம் நீட்டினார். தாளின் உச்சியை விரலால் தொட்டுக் காட்டினார்.

நான் எழுத வேண்டுமாம்.

இத்தனை வருஷத்தில் அவருடைய தாளில் இன்னொருவர் எழுதி நான் பார்த்ததில்லை, அந்தச் சுழிகளைத் தவிர. நானே எழுதித் தரட்டுமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. சின்ன வயசில் மதரஸாவில் எழுதிப் பழகியது, அதற்குப் பிறகு அரபியை ஓதியதோடு சரி.  ஓடிப்போய் ஒளு செய்துவிட்டு வந்தேன், முகம் கை கால் ஈரத்தோடு. எழுதினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி பெரிசும் சிறிசுமாக வந்தது. அவர் பார்த்தார். பரவாயில்லை என்பது போல் உதட்டைப் பிதுக்கினார். பேனாவை வாங்கிக்கொண்டார்.

ஸ்கேலை நான் பிடித்தேன். அவர் கண்ணால் காட்டும் இடத்துக்கு அதை நகர்த்தினேன். இடது கையால் ஒரு கோடு இழுத்தார். கோடு நடுங்கி நடுங்கிப் போய்ச் சேர்ந்தது. அது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.  மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, ஸ்கேல் நகர்ந்துவிடும்.

வரைந்தது அந்த அறையையேதான். நான்கு சுவர். தெரு வாசல், உள்வாசல். ஜன்னல். மூலையில் பாத்ரூம். தாளின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி, அது இல்லாமல் அவர் பிளான் இருக்காது. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் இளைப்பாறினார். மேசை இருக்கும் இடம் வந்தபோது நான் ஸ்கேலைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டார். மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளிவிட்டார். பிறகு மேசையின் இடத்தையும் சேர்த்து ஒரு நீளக் கட்டம் போடச் சொன்னார். போட்டோம். கட்டில். நாற்காலி திரும்பும் இடத்தை ஒரு வளைவால் காட்டினார். மகள் சொன்னதுபோலத்தான், மேசை போனால் எல்லாம் சரியாக அமைந்தது.

பிறகு கட்டிலின் ஒரு முனையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டார். தலையணை.

நான் அம்புக்குறியைப் பார்த்தேன். தலையணையைப் பார்த்தேன். "மாத்திப் போட்டுட்டீங்க" என்றேன். "தெக்கால இல்ல வரணும்?" தெற்கே தலை வைத்தால் வலப்பக்கம் திரும்பினதும் ஜன்னல். தெரு தெரியும். போகிறவர் வருகிறவர் பாய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நான் அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். ஊர் வழக்கம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டதுதான், எங்கள் வீட்டில் யாரும் வடக்கே தலை வைத்துப் படுப்பதில்லை. வடக்கே தலை வைத்து, முகத்தை வலப்பக்கமாக மேற்கே, நாங்கள் தொழும் கிப்லா திசைக்குத் திருப்பிக் கிடத்துவது மையத்தை, இறந்தவர் உடலைத்தான். கபர்க் குழியிலும் அப்படித்தான்.

அவர் தலையணையின் மேல் விரலை வைத்தார். மேற்குச் சுவரைக் காட்டினார். என் முகத்தைப் பார்த்தார். வார்த்தை கிடைக்காமல் பார்க்கும் பார்வை அது இல்லை.

மகளுக்கு இன்னும் புரியவில்லை. டீ போட்டு எடுத்து வருகிறேன் என்று சந்தோஷமாக உள்ளே போனாள். அவள் போனதும் அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். தாளின் கீழே வலது ஓரத்தைத் தட்டினார். அங்கேதான் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பிளானை நான் பார்த்தேன், எனக்குச் சம்மதம் என்று. இந்த வீடு என் அம்மா எனக்கு எழுதிக் கொடுத்தது.

"நான் போட மாட்டேன்" என்றேன். "ஜன்னலப் பாத்தாப்பல வரஞ்சா போடறேன்."

பேனா நீட்டியபடியே இருந்தது.

"உங்களுக்கு இன்னா அவசரம்? உங்கள யாரு அங்க வரச் சொன்னது? எழுத மாட்டேன், எழுத மாட்டேன்னுட்டு, எழுதறதுக்கு இதுதான் கெடச்சதா?" என்று என்னென்னவோ கத்தினேன். அவர் கண்ணை மூடவில்லை. கையெழுத்துப் போடத் தயங்கும் வீட்டுக்காரர்களிடம் அவர் பேச மாட்டார், அவசரப்படுத்த மாட்டார். அவர்கள் மனசு அந்த வீட்டுக்குள் போய் நடந்து பார்த்துத் திரும்பும் வரை பேனாவை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார். என்னிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடது கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இறங்கியது. அதை இறங்கவிட எனக்கு மனம் வரவில்லை. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு அவர் எதுவும் வரையவில்லை. அந்த அறையில் ரமலான் வரை இருந்தார்.

கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள் காலையில் கட்டில் வந்தது. மேசையை அதற்கு முன்பே மகளும் பக்கத்து வீட்டுக்காரரும் பின்னால் தூக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்து வாசலில் நுழைத்து, நடு அறையில் வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் உள்வாசலில் நாற்காலியில் இருந்தார்.

"தலமாடு எந்தப் பக்கம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

 பிளானை எடுத்து, கேட்டவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பி, ஜன்னலைப் பார்த்து, அம்புக்குறியைப் பார்த்தார்.

"வடக்காலயா? தப்பா போட்டுட்டு இருக்காங்கம்மா."

"இல்லப்பா" என்றேன். "சரியாத்தான் இருக்குது. அப்பிடியே போடு."